பேச்சிக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் ஓய்வு பெற்றபின் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வீட்டு வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் நற்சான்றுக் கடிதத்தை இனிமேல் டைப் அடிக்க வேண்டியதில்லையாம்; அச்சடித்த படிவம் வந்துவிட்டது. பெயர், எத்தனை மாதம், அப்புறம் மூன்று கட்டம்: மிகச் சிறப்பு, சிறப்பு, பரவாயில்லை. ஏதாவது ஒன்றில் டிக் போட்டால் சோலி முடிந்தது. "எல்லாருக்கும் மொதக் கட்டத்துலயே டிக் போட்டுருவோம் மேடம். யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க" என்று ஒருத்தி சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு காபி கொடுத்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அந்தக் காலத்துல நீங்க எப்படி மேடம் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். அதற்கு நின்றுகொண்டே பதில் சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பழனி அடிவாரத்துக்காரி. அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. எங்கள் தெருவில் எல்லாக் கடையும் முதல் தரம், எல்லாச் சரக்கும் அசல். எதிர்க்கடைக்காரர் பலகையில் 'சிறந்த' என்று எழுதினால் அப்பா 'மிகச் சிறந்த' என்று எழுதுவார். மறுவாரம் அவர் 'மிகமிக' என்று பெயின்ட் அடிப்பார். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. மொட்டை போட்டுவிட்டு வரும் ஜனங்களும் அதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பதில்லை. புகழ்ச்சி என்பது கிள்ளிப் போட வேண்டிய பண்டமல்ல, அள்ளிப் போட வேண்டியது என்றுதான் நான் வளர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணி, ஐம்பதுகளின் நடுவில் வத்தலக்குண்டு வழியாக பஸ் ஏறிக் கொடைக்கானலுக்கு வந்தேன். செண்பகனூரில் சித்தி வீடு. ஏரிக்கு இறங்கும் பாதையில் ஒரு ஹவுஸ் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை. சீசனுக்கு வரும் குடும்பங்களுக்கு பங்களா பிடித்துக் கொடுப்பது, சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர் அமர்த்திக் கொடுப்பது, குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது அந்த ஆட்களுக்குக் கடிதம் வாங்கிக் கொடுப்பது. அந்தக் கடிதத்துக்கு ஊரில் 'கேரக்டர்' என்று பெயர். பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்வார்கள். அது இல்லாவிட்டால் அடுத்த வீட்டு வாசற்படி ஏற முடியாது.

கடிதங்களைப் பார்த்துக்கொண்டவர் தலைமை குமாஸ்தா தேவசகாயம் சார். வெயிலோ மழையோ ஒரே பழுப்புக் கோட்டு, கழுத்தைச் சுற்றி மஃப்ளர். நான் அடித்துக் கொடுத்ததை உட்கார்ந்து படிக்கவே மாட்டார். ஜன்னல் ஓரம் போய் நின்று, மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்குவார். வேண்டாத வார்த்தை வந்தால் அடிக்க மாட்டார். பென்சில் முனையை அதன்மேல் வைத்துவிட்டு என்னையே பார்ப்பார். 'இது வேண்டாம் சார்' என்று நானே சொல்லும்வரை பென்சில் நகராது. முதல் மாதம் அந்தப் பென்சிலை ஒடித்துப் போடலாமா என்றிருந்தது.

அவருக்கு ஒரு முறை உண்டு. கடிதம் கொடுக்க வரும் துரைசானியையோ, மதராஸ் ஆபீஸர் வீட்டம்மாவையோ நாற்காலியில் உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். எத்தனை மாதம் வேலை பார்த்தார்? நீங்கள் சொல்லாமல் அவராகவே செய்தது என்ன? அவர் செய்த தப்பு என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் கடிதம் கிடையாது. ஒரு ரிட்டையர்டு ஆபீஸருக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினொரு வருஷமாகத் தன் சமையல்காரன் ஒரு தப்பும் செய்ததில்லை என்றார். "அப்ப பதினோரு வருசமா நீங்க சமையக்கட்டுப் பக்கமே போகலைன்னு எழுதிரட்டுங்களா?" என்று சார் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார். ஆபீஸர்தான் சிரித்துவிட்டார். கோபம் வந்தால் அந்தச் சமையல்காரர் கை உப்பை அள்ளிவிடும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். கடிதத்தில் அது அப்படியே போயிற்று. அந்த ஆளுக்கு மறுநாளே வேலை கிடைத்தது. எங்கள் ஆபீஸ் கடிதத்தில் குறை இருக்கும், அதனால் நிறையையும் நம்பலாம் என்று ஊருக்குத் தெரியும்.

'பெஸ்ட்', 'மோஸ்ட்' இரண்டும் ஆபீஸுக்குள் நுழையக் கூடாது. "பெஸ்ட்னு எழுதணும்னா ஊர்ல உள்ள அம்புட்டு சமையக்காரங்களையும் நிறுத்தி வச்சுப் பாத்திருக்கணும் வள்ளியம்மா. இந்தம்மா பாத்தது ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் ஓடிப்போயிட்டான்" என்பார்.

இன்னொன்றும் உண்டு. கடிதத்தை ஆளிடம் கொடுக்கும் முன் அதைத் தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டும். குறையையும் சேர்த்துத்தான். "அவங்க டப்பாவுல கெடக்கப் போற காயிதம். அதுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சு அவங்களுக்குத் தெரியலைன்னா நல்லாவா இருக்கு?" என்பார் சார். அந்த வேலை என்னுடையது. முகத்துக்கு நேரே குறையைப் படித்துச் சொல்வது எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

பேச்சியக்கா விஷயத்துக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கம். பேச்சியக்காவுக்கு ஊர் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் போளூர். புருஷன் இறந்தபின் மகளைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் வந்து, அட்டுவம்பட்டியில் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தில் ஆயாவாக இருந்தார். இரண்டு பையன்கள், நான் சொல்லும் வருஷம் மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு நாலு. மூன்றாம் வருஷம் அந்தக் குடும்பம் தங்கள் தேசத்துக்கே திரும்பிப் போக ஏற்பாடாயிற்று. அதே சமயம் ஒரு பள்ளிக்கூடத்தின் சின்னப் பிள்ளைகள் விடுதியில் ஆயா வேலை காலியாக இருந்தது. தங்க ஓர் அறை உண்டு. மகளையும் கூட வைத்துக்கொண்டு படிக்க வைக்கலாம். கிடைக்காவிட்டால் போளூருக்குத் திரும்பி, அண்ணனின் பூண்டுக் காட்டில் இறங்க வேண்டியதுதான். மகள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு அதோடு போயிருக்கும். சீசன் முடிகிற நேரம் வேறு. வேறு வீடு கிடைக்காது.

பேச்சியக்காமேல் ஒரு குறை இருந்தது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒருநாள், மேகம் தரைவரை இறங்கி வழியை மூடியபோது சின்னவனைத் தவறவிட்டுவிட்டார். அரை மணி நேரம் பிள்ளையைக் காணோம். அப்புறம் கிடைத்துவிட்டான், ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஊர் பேசியது.

கெட்ட நேரம், அந்த வாரம் சார் கண் ஆபரேஷனுக்காக மதுரை போயிருந்தார். துரைசானி பெட்டி கட்டும் அவசரத்தில் வந்து, "நீயே எழுது, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று கேள்வியும் இல்லை, ஜன்னல் ஓரத்தில் ஸ்கேலும் இல்லை. எனக்குப் பேச்சியக்காமேல் பிரியம் அதிகம். சித்தி வீட்டில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, வேலை முடிந்து வந்து கஞ்சி வைத்துக் கொடுத்த மனுஷி. என் பழனித் தெரு எனக்குள்ளிருந்து எழுந்து வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டது. மோஸ்ட் ஃபெயித்ஃபுல், மோஸ்ட் ஹானஸ்ட், மோஸ்ட் லவிங் என்று அள்ளிப் போட்டேன். மேகத்துச் சங்கதியை விட்டுவிட்டேன். துரைசானி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

தமிழில் வாசித்துச் சொன்னேன். பேச்சியக்கா கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அந்த மேகத்துச் சங்கதி இல்லையே டைப்பம்மா?"

"அது எதுக்கு அக்கா? அவங்க கேட்டாலும் ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிருங்க. வாயத் தொறந்து கெடுத்துக்கிறாதீங்க."

"நீங்க சொன்னாச் சரிதான்" என்று கடிதத்தை மடித்து டப்பாவில் வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலை அந்த விடுதியின் மேட்ரன் அம்மா நேரில் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து அம்மா. நெட்டையாக, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். கடிதத்தை என் மேஜைமேல் வைத்தார்.

"இது ஒங்க ஆபீஸ் லெட்டரா மிஸ்?"

"ஆமாங்க."

"தேவசகாயம் பாத்தாரா?"

"சார் மதுரைக்குப் போயிருக்காங்க."

"அதான பாத்தேன். கொறையே இல்லாத லெட்டர் இங்கருந்து இதுவரைக்கும் எனக்கு வந்ததில்ல. ஏதோ பெருசா மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். அந்தப் பொம்பளைகிட்டயே கேட்டேன், ஒங்கிட்ட இருந்தப்ப பிள்ளைகளுக்கு எதாவது ஆச்சான்னு. ஒண்ணுமே நடக்கலைன்னுட்டா. மேகத்துல பிள்ளையத் தொலைச்சது பால்காரருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பிள்ளையத் தொலைச்சிட்டுத் தேடிக் கண்டுபிடிச்சவளக்கூட வச்சுக்கலாம். பொய் சொல்றவள நாப்பது சின்னப் பிள்ளைங்க நடுவுல விட முடியாது."

அவர் போய் வெகுநேரம் வரை நான் மெஷினைத் தொடவில்லை. பேச்சியக்காவின் வேலையை வேறு யாரும் கெடுக்கவில்லை. என் பிரியம்தான் கெடுத்தது. அதுவும் போதாதென்று, பொய்யே சொல்லத் தெரியாத ஒரு பெண்ணுக்குப் பொய்யையும் கற்றுக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அன்று எனக்கு வந்த அழுகையை இப்போதும் மறக்கவில்லை.

திங்கட்கிழமை சார் வந்தார். இடது கண்ணில் கட்டு. கோட்டைக்கூடக் கழற்ற விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கார்பன் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போனார். ஒற்றைக் கண்ணால், ஸ்கேலை இறக்கி இறக்கிப் படித்தார்.

"எத்தன மோஸ்ட் இருக்குன்னு எண்ணுனீங்களா?"

"இல்ல சார்."

"ஒம்பது. பழனி அடிவாரத்துல கடையப் போட்டுட்டீங்களே வள்ளியம்மா." அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நல்லது செய்யணும்னுதான் செஞ்சீங்க, தெரியுது. ஆனா பேச்சியப் பத்தி இதுல ஒரு வரிகூட இல்ல. பேர மாத்திட்டா எனக்குக் குடுக்கலாம், ஒங்களுக்குக் குடுக்கலாம். நாளைக்கு வெள்ளனே அவங்கள வரச் சொல்லுங்க."

மறுநாள் பேச்சியக்கா வரும்போதே மூட்டை கட்டியாகிவிட்டது என்று சொன்னார். சார் அவரைத் துரைசானிகள் உட்காரும் அதே நாற்காலியில் உட்காரச் சொன்னார். அக்கா மாட்டேன் என்றார். சாரும் நின்றுகொண்டே இருந்ததால் கடைசியில் நுனியில் உட்கார்ந்தார். அதே மூன்று கேள்வி. ஒருவரின் தப்பை அவரிடமே சார் கேட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

"மேகத்துல என்ன நடந்துச்சும்மா?"

"பெரியவனுக்குச் சூ கயிறு அவுந்துபோச்சுங்க. குனிஞ்சு கட்டுனேன். நிமிந்து பாத்தா வெள்ளையா மூடிக் கெடக்கு, சின்னவனக் காணோம். கத்தல. கத்துனா வெளாட்டுன்னு நெனச்சு ஓடுவான், சரிவு வேற. பெரியவன முந்தானையில இடுப்போட கட்டிக்கிட்டு, அவன் பேர மெதுவாச் சொல்லிச் சொல்லி சுத்தி வந்தேன். ஒரு கல்லுமேல உக்காந்திருந்தான்."

"வீட்டம்மாவுக்கு யாரு சொன்னது?"

"நாந்தாங்க. சாயங்காலம் போன ஒடனே."

"நீங்க சொல்லாட்டி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"பிள்ளைகளுக்கு அப்ப சொல்ற வயசில்லைங்க. தெரிஞ்சிருக்காது."

"அதுக்கப்புறம்?"

"அன்னையிலருந்து வெளிய கெளம்புனா ரெண்டு பேரையும் முந்தானையிலதான் கட்டிக்குவேன். வெயில் அடிச்சாலும் கட்டிக்குவேன். ஊர்ல சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்."

சார் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினார். "அது நீங்கதானா? ரெண்டு வருசமா இதுவழியா ரெண்டு பிள்ளைகளக் கட்டிக் கூட்டிட்டுப் போறத நான் பாத்திருக்கேன். ஏதோ வெளாட்டுன்னு நெனச்சிருந்தேன்" என்றார். பிறகு என் மெஷினருகே வந்து, வேலை கொடுத்தவர் பெயரில் அல்லாமல் தன் சொந்தப் பெயரிலேயே கடிதம் சொல்லத் தொடங்கினார். அப்படி அவர் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை.

மூடுபனியில் ஒரு பிள்ளையை அரை மணி நேரம் தவறவிட்டார் என்பது முதல் வரி. யாரும் கேட்காமலே அன்று மாலையே அதைச் சொன்னார் என்பது இரண்டாவது. முதல் கடிதத்தில் இதை விட்டதும், கேட்டால் சொல்லாதே என்று அவருக்குச் சொன்னதும் எங்கள் ஆபீஸ் செய்த தவறு என்பது மூன்றாவது.

என் விரல் நின்றுவிட்டது. "சார், அது நான் செஞ்சது. என் பேரையே போட்டுருங்க."

"ஆபீஸ்னா நாம ரெண்டு பேருதானே. அடிங்க" என்றார்.

கடைசி வரியில், அன்றிலிருந்து இந்தப் பெண் தான் கண்ட ஆயாக்களில் 'கேர்ஃபுல்லெஸ்ட்' என்று சொன்னார். அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. தயங்கித் தயங்கி, "மோஸ்ட் கேர்ஃபுல்னுதானே சார் எழுதுவாங்க?" என்றேன்.

"எழுதுவாங்க. ஆனா ஒம்பது மோஸ்ட்டையும் அந்தம்மா ஏற்கெனவே பாத்துட்டாங்களே. பத்தாவதுல அவங்க கண்ணு நிக்காது, வழுக்கிட்டுப் போயிரும். இது பழைய புஸ்தகங்கள்ல எப்பவாவது வரும். காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடா இருக்கும். வாசிக்கிறவங்க ஒரு நிமிசம் நிப்பாங்க, எதுக்கு இந்த ஆளு இந்தச் சொல்லத் தேடிப் புடிச்சான்னு யோசிப்பாங்க. நமக்கு அது போதும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இருபது வருசமா இந்த ஜன்னல்லருந்து ஆயாக்களப் பாக்குறேன். நூறு பேருக்குக் கொறையாது. அதனால எனக்கு இந்தச் சொல்லுக்கு உரிமை இருக்கு" என்றார்.

அதைக் கேட்டபோதுதான் அவருடைய கஞ்சத்தனம் எனக்குப் புரிந்தது. இருபது வருஷம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததால்தான் அன்று ஒருத்திக்கு முழுசாகக் கொடுக்க முடிந்தது.

வழக்கப்படி அந்தக் கடிதத்தைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். கடைசிச் சொல்லுக்குத் தமிழ் தெரியாமல், 'இதுக்குமேல சூதானமான ஆளு கிடையாது' என்று சொன்னேன். பேச்சியக்கா முழுசும் கேட்டுவிட்டு, காகிதத்தை வாங்கி எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன காயிதத்துல இருந்தது வேற யாரோம்மா. இது நாந்தான்" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் விடுதிக்கு நடந்தோம். கூடப் போகச் சொன்னது சார்தான். ஆனால் அங்கே போய் என்ன பேச வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மேட்ரன் அம்மா வராந்தாவில் நின்றபடியே கடிதத்தைப் படித்தார். விரல் வரிவரியாக இறங்கி வந்து கடைசி வரியில் நின்றது. உதடு அசைய அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

"இந்தச் சொல்லு தேவசகாயம் போட்டதா?"

"ஆமாங்க."

பேச்சியக்கா பக்கம் திரும்பினார். "நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்புத்தாங்க" என்று மட்டும் சொன்னார். என்னைக் காட்டிக் கொடுக்கவே மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

"நாந்தாங்க சொல்ல வேண்டாம்னு சொன்னேன். அந்த லெட்டர அடிச்சதும் நாந்தான்" என்றேன்.

மேட்ரன் அம்மா கண்ணாடிக்கு மேலாக எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு வாரம் இருக்கட்டும். பாக்குறேன். நான் சொல்றவரைக்கும் மூட்டையப் பிரிக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அக்கா கும்பிட்டார். அந்த அம்மா அதைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.

அந்த இரண்டு வாரமும் எனக்கு வேலையே ஓடவில்லை. விடுதிப் பக்கம் போகவும் பயமாக இருந்தது. சாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் விடுதி இருக்கும் திசையிலிருந்து யார் வந்தாலும் ஜன்னலுக்குப் போய்விட்டு வருவார்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, மத்தியானம் ஏதோ வேலையாகக் கடைவீதிக்குக் கிளம்பினேன். பாதி வழியில் மேகம் இறங்கிவிட்டது. எதிரில் யார் வருகிறார்கள் என்றே தெரியவில்லை. பிள்ளைகள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் குரல் மட்டும் முதலில் கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்னக் குரல் "இருக்கேன்" என்றது. அப்புறம் பேச்சியக்கா வெள்ளைக்குள்ளிருந்து வந்தார். பழைய புடவைகளை நீளமாகக் கிழித்து முடிச்சுப் போட்ட துணி அவர் இடுப்பிலிருந்து பின்னால் போயிற்று. அதில் ஒரு முழத்துக்கு ஒரு பிள்ளை. அக்கா பெயர்களிலேயே கவனமாக இருந்தார், என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. ரோட்டோரச் சுவரோடு ஒட்டி நின்றேன். என்னைத் தாண்டிப் பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசிப் பையனும் போய்விட்டான் என்று நினைத்து நடுரோட்டுக்கு வந்தேன்.

"பாத்து மிஸ், இன்னும் முடியல" என்று ஒரு குரல் கேட்டது. அந்தத் துணியின் மறுநுனியைத் தன் மணிக்கட்டில் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு மேட்ரன் அம்மா வந்துகொண்டிருந்தார்.